‘கிராஃபிக்’ என்று துரை குறித்த சாட்சியம்

1. விரல்

“உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?” என்று கேட்டேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற பெண் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி, என்னைக் காட்டினாள்.

கோர்ட்டு சிரித்தது. மூன்று பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். மூன்று பெஞ்சும் சிரித்தது. பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த செல்லையா தலையைத் தூக்காமலே, “மாப்பிள்ளே, கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடவே இல்லையேலா?” என்றான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஈப்போவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத் தமிழ் இன்டர்பிரட்டராக வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. சட்டைக் காலருக்குள் வேர்வை இறங்கியதை இன்றைக்கும் சொல்ல முடியும்.

மாஜிஸ்திரேட்டை எல்லோரும் துரை என்றுதான் சொல்வோம். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார்.

“சாட்சி என்ன சொல்கிறாள், மிஸ்டர் வேலாயுதம்?”

“ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. என்னைக் காட்டுகிறாள்.”

“ஏன்?”

தெரியவில்லை என்பது ஒரு இன்டர்பிரட்டர் சொல்லக்கூடாத பதில். அதனால் தெரிந்ததைச் சொன்னேன். “தமிழ்ப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், ஐயா. கூட வந்தவர்கள் யாராவது சொல்வார்கள். இவள் தனியாக வந்திருக்கிறாள். அதனால் என்னைச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தப் பெயர் தெரியாது.”

அவளோ தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

இதைக் கோர்ட்டிலும் ஆபீசிலும் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். விஷயம் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். அதை நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். எழுதுகிற விதத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

2. துரையின் சிவப்புப் பென்சில்

அந்தச் சொல் ‘கிராஃபிக்’. அகராதியில் பார்த்தால், கண்ணால் காண்பதுபோல வர்ணிக்கப்பட்டது என்று பொருள் இருக்கும். கிரேக்கத்தில் எழுதுவதற்கும் வரைவதற்கும் உள்ள வேரிலிருந்து வந்தது என்றும் இருக்கும். பள்ளியில் நான் அதைப் படித்திருந்தேன். பிடித்துப்போய், வேலைக்குச் சேர்ந்ததும் கண்ட இடத்திலெல்லாம் போட்டேன். தோட்டத்து ஆள் ஒருவர் கொடுத்த மனுவை இங்கிலீஷில் எழுதியபோது, ‘மனுதாரர் நடந்ததை மிகவும் கிராஃபிக்காக விவரிக்கிறார்’ என்று என் சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்தேன். மனு நான்கு பக்கம். நீளமாக இருந்தது, விவரமாக இருந்தது. அந்தச் சொல் பொருந்தும் என்றே நம்பினேன்.

துரை அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இதைப் படித்தாயா?”

“படித்தேன், ஐயா.”

“படித்தபோது என்ன பார்த்தாய்?”

“மனுதாரரின் குறைகளை…”

“குறைகளை யாரும் பார்க்க முடியாது. ஒரு கதவைப் பார்த்தாயா? ஒரு கையைப் பார்த்தாயா?”

நான் மனுவைத் திரும்பவும் புரட்டினேன்.

“இது முழுமையாக இருக்கிறது. கிராஃபிக்காக இல்லை. அந்தச் சொல்லை அடித்துவிடு.”

அடித்துவிட்டேன். ஆனால் வித்தியாசம் விளங்கவில்லை. விளங்காத ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. தமிழில் அதற்குச் சரியான சொல் கிடைத்தால் விளங்கிவிடும் என்று தேட ஆரம்பித்தேன். தத்ரூபமான, விவரமான, சித்திரம் போன்ற, உயிருள்ள என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. “ஒரு சொல்லுக்காக ஒருத்தன் இப்படி இளைச்சுப் போவானாய்யா?” என்று செல்லையா கேட்டான். துரை என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

3. பேசாத ஆள்

அந்தப் பெண் வந்த வழக்கு இப்படி.

சிலிபின் பக்கம் சாலையில் ஒரு தமிழ் ஆளைப் போலீசார் பிடித்துவந்திருந்தார்கள். குற்றம் எதுவும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு நடுரோட்டில் நின்றார், கார் வந்தாலும் ஒதுங்கவில்லை, அவ்வளவுதான். பெயர் கேட்டால் பதில் இல்லை. ஊர் கேட்டால் பதில் இல்லை. காய்ச்சல் இருந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது, பேச்சு வரவில்லை. பத்து நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் தேடி வராவிட்டால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டும். பேராக்கில் இருப்பவர்களுக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும். அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயரில்லாமல், பேச்சும் இல்லாமல் உள்ளே போகும் ஆளை வெளியிலிருந்து யார் போய்க் கேட்பது?

அன்று அவரைத் தேடி ஒருவர் அல்ல, இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் பீடோர் பக்கத்துத் தோட்டக் கங்காணி ராமசாமி. கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆள் ஓடிப்போனால் தோட்டத்துத் துரை கங்காணியைத்தான் ஏசுவார். இவருடைய குழுவில் கருப்பன் என்று ஒருவன் ஓடிப்போயிருந்தான். இந்த ஆள் அந்தக் கருப்பன்தான் என்று முந்தின நாளே போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் காட்டியிருந்தார்.

கூண்டில் ஏறியதும் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“பேரு கருப்பன்ங்க. வயசு முப்பது, முப்பத்திரண்டு. கறுப்பு நெறம். ஒசரம் நடுத்தரம். ஒல்லி ஒடம்பு. முடி சுருட்ட. பல்லுல வெத்தலக் கற. வலது முழங்கால்ல தழும்பு. நாந்தாங்க ஊர்லேருந்து கூட்டியாந்தேன், கப்பல்ல வாந்தி எடுத்தப்ப நாந்தாங்க முதுகத் தடவி விட்டேன்!”

ஏழு அடையாளம். நான் ஏழையும் விரலில் மடக்கி, ஒன்றும் சிந்தாமல் இங்கிலீஷில் சொன்னேன். வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் தன் தாளைப் பார்த்து ஏழுக்கும் தலையாட்டினார். இதுதான் கிராஃபிக், இன்றைக்கு விளங்கிவிட்டது என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி.

துரை என்னைக் கூப்பிட்டார். “மிஸ்டர் வேலாயுதம், மூன்றாவது பெஞ்சில் இருப்பவர்களில் இந்த வர்ணனை எத்தனை பேருக்குப் பொருந்தும்?”

எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. அந்தப் பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான்கு பேருக்குப் பொருந்தியது. முழங்காலைப் பற்றித் தயங்கினேன். அதற்குள் ஒருவர் தானாகவே எழுந்து வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டார். “எனக்கும் இருக்குங்க துரை, உளி வழுக்கினது!” என்றார். உளி என்றால் பால்மரம் சீவும் கத்தி. மரம் சீவுகிறவர்களில் அந்தத் தழும்பு இல்லாதவர்கள் குறைவு.

“முழுமையாக இருக்கிறது,” என்றார் துரை. எனக்கு மட்டும் அது உறைத்தது.

4. அடையாளம் எதற்கு?

இரண்டாவதாக வந்தவள்தான் என்னை விரல் நீட்டிக் காட்டிய அஞ்சலை. சித்தியவான் பக்கத்துத் தோட்டம். கணவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் ஒருநாள் எழுந்து போய்விட்டார். காய்கறி லாரிக்காரர் ஒருவர் சொல்லி, பேசாத ஆள் ஒருவர் ஈப்போவில் இருப்பது தெரிந்து, அதே லாரியில் ஏறி நேராகக் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். ஆளை இன்னும் பார்க்கவில்லை. அதைத் துரை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பெயர் விஷயம் சிரிப்பில் முடிந்தபின், நான் வழக்கமான கேள்விகளுக்குப் போனேன்.

“ஆளு என்ன ஒசரம்?”

“அளந்து பாக்கலைங்க.”

“நெறம்?”

“நம்ம நெறந்தாங்க.”

“ஒடம்புல அடையாளம் ஏதாச்சும்?”

அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவர எனக்குத் தெரியுங்க. அடையாளம் எதுக்குங்க?”

இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்துப் புன்னகை செய்தார். கங்காணி சத்தமாகவே, “புருசனோட ஒசரம் தெரியாத பொண்டாட்டி! நல்லா இருக்கு கத!” என்றார்.

“ஒமக்கு ஒம் பொண்டாட்டி ஒசரம் தெரியுமா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். இதையும் நான் மொழிபெயர்த்தேன். துரை கங்காணியின் பதிலுக்காகக் காத்திருந்தார். கங்காணி குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. இந்தப் பெண் இப்படியே பதில் சொன்னால் அந்த ஆள் பீடோருக்கோ தஞ்சோங் ரம்புத்தானுக்கோதான் போவார். அவளுக்கு உதவவேண்டும் என்று தோன்றியது. ஆனால் இன்டர்பிரட்டர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் குழாய் மாதிரி இருக்கவேண்டும். குழாய்க்குத் தாகம் எடுக்கக் கூடாது. அன்று எடுத்தது.

அப்போது துரை ஒரு கேள்வி கேட்டார். அதை அப்படியே தமிழில் கொடுத்தேன். விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள்.

“விடியக்கால இருட்டு. பெரட்டுல நூறு பேரு நிக்கிறாங்க. மூஞ்சி தெரியல. அதுல அவரு யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

அவள் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

“இருட்டுன்னா சுலுவுங்க. எல்லாரு பால் வாளியும் நடக்கறப்ப டங்கு டங்குன்னு அடிக்கும். அவரு வாளி அடிக்காது. கைப்பிடி மாட்டுற எடத்துல துணியச் சுத்தி வச்சிருப்பாரு. இருட்டுல சத்தமில்லாம ஒரு வாளி போச்சுன்னா, அது அவருதாங்க.”

துரை பேனாவை எடுத்தார். “ஒவ்வொரு வாக்கியமாக. எதையும் சுருக்காதே,” என்றார் என்னிடம். அந்தக் காலத்தில் எல்லோரும் சுருக்கித்தான் சொல்வோம். சாட்சி கால் மணி நேரம் பேசினால் இன்டர்பிரட்டர் மூன்று வரி சொல்வது வழக்கம். அவள் சொன்னதில் நாற்பது வார்த்தை வந்தால் நாற்பதையும் கடத்தவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அப்புறம், இந்த மங்கு இருக்குல்லீங்க…”

மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். பால் எடுத்து முடித்ததும் மழைத்தண்ணீரும் குப்பையும் விழாமல் அதைக் கவிழ்த்து வைக்கவேண்டும். இதைத் துரைக்கு விளக்கினேன்.

“எல்லாரும் கவுப்பாங்க. சில சோம்பேறி கவுக்காது. அவரு கவுத்துட்டு, வெரல் முட்டியால அது முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுவாரு. தட்டிட்டு ‘தூங்கு’ம்பாரு.”

“என்ன?” என்றேன்.

“‘தூங்கு’ம்பாருங்க. மங்குகிட்ட. ஒவ்வொரு மரத்துக்கும். ஏன்யா நேரத்தப் போக்குறீங்கன்னு கேட்டா, ‘அதும் விடியக்காலேருந்து முழிச்சிருக்குல்ல’ம்பாரு. வீட்டுலயும் அப்படித்தாங்க. கோப்பி குடிச்ச டம்ளரு, கொட்டாங்கச்சி, எது காலியா இருந்தாலும் விடமாட்டாரு. எங்க அக்கா வீட்டுக்குப் போயி சாமி மாடத்துல இருந்த கிண்ணத்தக் கவுத்துத் தட்டிட்டு வந்துட்டாரு. அக்கா என்னா ஏச்சு ஏசுச்சு தெரியுங்களா? ‘ஒம் புருசன் சாமியத் தூங்க வச்சிட்டான்டி’ன்னுச்சு.”

பெஞ்சுகள் மறுபடியும் சிரித்தன. முன்பு சிரித்ததும் இதுவும் ஒன்றல்ல. நான் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னேன். கிண்ணத்தின் முதுகு என்று அவள் சொன்னதை அடிப்பாகம் என்று மாற்ற நாக்கு துடித்தது. மாற்றவில்லை. முதுகு என்றே சொன்னேன்.

துரை எழுதிக்கொண்டே வந்தவர், நிறுத்தி, ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் படிப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வந்துவிடும். படித்தேன். ‘கிராஃபிக்’.

உயரம் இல்லை, நிறம் இல்லை, வயது இல்லை. கங்காணி சொன்ன ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஆள் எனக்கு முன்னால் மரத்தடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “கதை நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் இதில் எதைச் சரிபார்ப்பது? அழகாகச் சொல்வதும் உண்மையும் ஒன்றல்ல.”

“சரிதான்,” என்றார் துரை. “ஒன்றல்ல.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தச் சொல்லை எழுதிவிட்டு, அவ்வளவு லேசாகக் கைவிடுகிறாரே என்று.

5. கோப்பி

துரைக்குக் காலையில் ஒரு கோப்பி வரும். தன் நாற்காலியில் இருந்தபடியே குடிப்பார். அன்றும் வந்தது. வழக்கமாகக் குடித்தவுடன் பீங்கான் கோப்பையைத் தட்டோடு பியூனிடம் கொடுத்துவிடுவார். அன்று கொடுக்கவில்லை. தட்டை மட்டும் கொடுத்தார். கோப்பையைத் தன் மேசையின் கோடியில், கைதிகள் வந்து நிற்கும் பக்கமாக வைத்தார். அஞ்சலையைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார், வரும் ஆளின் கண்ணில் படாமல். பிறகு, “அந்த ஆளைக் கொண்டு வாருங்கள். யாரும் பேசவேண்டாம்,” என்றார்.

ஆளைக் கொண்டுவந்தார்கள். மெலிந்த ஆள். போலீசார் கொடுத்த சட்டை தோளில் தொங்கியது. மேசைக்கு ஒரு முழ தூரத்தில் நிறுத்தினார்கள். அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. கூரையில் துணி விசிறியான பங்கா இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை எண்ணினேன். அலமாரிக்குப் பின்னால் சேலைத் தலைப்பு தெரிந்தது; அதையும் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கங்காணியால் பொறுக்க முடியவில்லை.

“டேய் கருப்பா! என்னடா மரம் மாதிரி நிக்கிற? வாடா போலாம்!”

ஆள் அசையவில்லை. துரை கங்காணியை ஒரு பார்வை பார்த்தார்.

மறுபடியும் பங்கா. எண்ணிக்கை தப்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. கண் மேசை விளிம்புக்கு வந்து, கோப்பையில் நின்றது. ஏதோ தொந்தரவானதைப் பார்த்ததுபோல நெற்றி சுருங்கியது. ஒரு அடி எடுத்து வைத்தார். கான்ஸ்டபிள் கையை நீட்டினான். துரை விரலை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

அவர் கோப்பையை எடுத்தார். உள்ளே பார்த்தார். அடியில் இருந்த கோப்பியை ஒருதரம் உதறினார். துரையின் தாளில் மூன்று சொட்டு விழுந்தது. கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். விரலை மடக்கி, முட்டியால் அதன் முதுகில் தட்டினார். ஒன்று. இரண்டு.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

“தூங்கு.”

துரை கேட்டார்: “என்ன சொன்னார், மிஸ்டர் வேலாயுதம்?”

முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தேன். அதைவிடச் சிறிய மொழிபெயர்ப்பைச் செய்ததில்லை. அந்த ஒரு சொல்லை இங்கிலீஷில் சொன்னேன். அதற்குள் அலமாரிக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் தன் வேலையை விடமாட்டார். “மரம் சீவுகிற எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்ப்பார்கள், ஐயா. அந்தக் கருப்பனும் கவிழ்ப்பான்.”

இதை நான் வழக்கப்படி தமிழில் சொன்னேன், சாட்சிகள் எல்லோருக்கும் கேட்கும்படி. கங்காணி ராமசாமி கொதித்துவிட்டார்.

“யாரு, நம்ம கருப்பனா? அவனாங்க கவுப்பான்? ஒருநாளு, ஒரே ஒருநாளு அவன் மங்கக் கவுத்து நான் பாத்ததில்லைங்க! அதுக்குத்தானே அவன நான் தெனம் ஏசுறது! மழ பேஞ்சா அத்தன மங்குலயும் தண்ணிதான்! ஆபீசு கிராணிகிட்ட நான் வாங்காத ஏச்சா…”

பாதியில் நின்றுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். செல்லையா மெதுவாக, “கங்காணி அண்ணே, நீங்க யாரு பக்கம் சாட்சிலா?” என்றான்.

துரை என்னைப் பார்த்தார். நான் கங்காணி சொன்னது அனைத்தையும் மொழிபெயர்த்தேன், ஏச்சு உட்பட. இன்ஸ்பெக்டர் தன் தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கங்காணி பொய்க்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஏழு அடையாளத்தை வைத்துப் பார்த்தபோது அந்த ஆள் கிடைத்துவிட்டார். அவ்வளவு பொதுவான அடையாளங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் யாருக்கும் யாரும் கிடைப்பார்கள்.

6. பெயர்

உத்தரவு எழுதப் பெயர் வேண்டும். பெயரில்லாமல் ஒருவரை விட முடியாது. ஆள் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மறுபடியும் மௌனமாகிவிட்டார். அஞ்சலை அவர் பக்கத்தில் வந்து நின்று அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

“இனி நீ உதவி செய்யலாம்,” என்றார் துரை.

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போவோம். சரியான இடத்தில் அந்தப் பெண் தலையாட்டுவாள்.

“சிவன் பேரா?”

இல்லை.

“பெருமாள் பேரா?”

இல்லை.

“முருகன் பேரா?”

தலையாட்டினாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“முருகனா? கந்தனா? ஆறுமுகமா?”

இல்லை.

“சுப்பிரமணியமா? பழனியா? குமாரசாமியா? சண்முகமா? தண்டபாணியா? கதிர்வேலா?”

கதிர்வேல் என்றதும் கொஞ்சம் தயங்கினாள், பிறகு இல்லை. ஒன்பது பெயர் ஆகிவிட்டது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் செய்ததையே மறுபடியும் செய்தாள். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

“ஐயோ, நீங்கதாங்க! நீங்கதாங்க அது!”

செல்லையா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தான். “யோவ்,” என்றான், “வேலாயுதம்! ஒம் பேருய்யா!”

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் விளங்கியது. காலையில் பியூன் என் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூண்டருகே கூப்பிட்டான். அதன் பிறகு துரை என்னை ‘மிஸ்டர் வேலாயுதம்’ என்று அழைத்த ஒவ்வொரு தடவையும் அவள் தலை குனிந்தது. நான் வெட்கம் என்று நினைத்தது மரியாதை. அவள் முதல் கேள்விக்கே சரியான பதிலைச் சொல்லிவிட்டாள். தெரிந்த முருகன் பெயரையெல்லாம் அடுக்கிய எனக்கு, என் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

துரைக்கு இதை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் எழுதிய பக்கத்தைத் திருப்பி, ‘சாட்சி கணவனின் பெயருக்கு இன்டர்பிரட்டரைச் சுட்டினாள், அவர் பெயரும் அதுவே’ என்று ஒரு வரி சேர்த்தார். ஆஸ்பத்திரியில் உடம்பு தேறும்வரை வைத்திருந்து மனைவியோடு அனுப்பவேண்டும் என்று உத்தரவு எழுதினார். அதைத் தமிழில் அவளுக்கு நான் படித்துச் சொன்னேன். பெயர் வந்த இடத்தில் அவளுக்காகக் குரலைத் தாழ்த்தினேன்.

போகும்போது அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடினாள்.

“எங்க வீட்டுக்காரரு பேர வச்சிருக்கிற ஐயா,” என்றாள் கடைசியில், “நல்லா இருக்கணுங்க.”

செல்லையா அடுத்த ஆறு மாதம் என்னை அப்படித்தான் கூப்பிட்டான்.

7. பிள்ளைகளுக்கு

என் வேலை நிரந்தரமானது. துரை என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று தெரியாது. அந்தச் சொல்லை எனக்குப் போட்டிருக்கமாட்டார் என்று மட்டும் நிச்சயம்.

இப்போது நீங்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். ரிப்போர்ட் நீளமாக இருந்தால் கிராஃபிக் என்கிறீர்கள். ரத்தம் இருந்தால் கிராஃபிக் என்கிறீர்கள். என் பேரன் கணக்குப் பாடத்தில் கோடு போட்டுவிட்டு அதையும் கிராஃபிக் என்கிறான். வாத்தியார் சரி என்று குறி போடுகிறார். அகராதியும் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒருவர் சொன்ன விவரத்தைப் புகழ அந்தச் சொல்லை எழுதும்போது, எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சொன்னது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். நான்கு பேருக்குப் பொருந்தினால் அடித்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் பொருந்தினால் எழுதுங்கள். எழுதிவிட்டு, இன்ஸ்பெக்டர் சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: நன்றாகச் சொல்லப்பட்டது என்பதால் அது உண்மையாகிவிடாது. உண்மை என்று பார்க்க மேசைக் கோடியில் ஒரு கோப்பை வைக்கவேண்டியிருக்கும்.

தமிழில் அதற்கு ஒரு சொல் இன்னும் கிடைக்கவில்லை. இதுவரை பதினோரு சொல் எழுதிப் பார்த்து அடித்திருக்கிறேன். பன்னிரண்டாவது வருமா என்று தெரியவில்லை. வராமல் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

அந்த ஆளின் முகம் எனக்கு மறந்துவிட்டது. உயரம், நிறம் எதுவும் நினைவில்லை. யாராவது கேட்டால் கங்காணி சொன்ன ஏழையும்தான் சொல்லவேண்டும். ஆனால் இன்றைக்கும் விடியற்காலையில் விழித்துக் கிடக்கும்போது, வெளியே தண்ணீருக்குப் போகிறவர்களின் வாளிகள் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டு போகும். நடுவில் எப்போதாவது ஒன்று சத்தமில்லாமல் போகும். எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அவர் வாளி தூக்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.